ஊரே இடிஞ்சாலும் முதல்ல சித்திக்குச் சொல்லு

பிப்ரவரி 11, புதன்

இன்றைக்கும் ஆடியது. டிப்போவில் என் மேசை மேல் இருந்த டீ டம்ளர் தானாக நகர்ந்து வந்து முழங்கையில் இடித்தது. "என்ன சார், டம்ளருக்குக்கூட டைம் கீப்பர் மேல பாசம்" என்று ஒரு கண்டக்டர் சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மாதமாக விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு அது பழகிவிட்டது. நிலம் ஆடுவதெல்லாம் பழக வேண்டிய விஷயமா?

வெள்ளம் வந்த வருடம் நானும் என் மனைவியும் அடித்த கூத்து ஞாபகம் வந்தது. ஊருக்குள் எந்த போனிலிருந்தும் இன்னொன்றுக்கு லைன் கிடைக்கவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. அவளைத் தேடி நான் அங்கே ஓடினேன். என்னைத் தேடி அவள் டிப்போவுக்கு ஓடினாள். ஒரே பாலத்தின் மேல் எதிரெதிராகக் கடந்திருக்கிறோம். வழியில் விழுந்து அவள் மண்டையில் தையல் போட்டதுதான் மிச்சம். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பேச முடிந்த ஒரே ஆள் வெளியூரில் இருக்கும் சித்திதான். ஊருக்குள் கிடைக்காத லைன் அவளுக்கு மட்டும் கிடைத்தது.

அதை வைத்து ஒரு ஏற்பாடு செய்யப் போகிறேன். மனைவியிடம் சொன்னதற்கு, "பஸ்ஸுக்கு டைம் போட்டது போதாதுன்னு பூகம்பத்துக்கும் டைம் போடப் போறீங்களா?" என்றாள். பண்ணட்டும், கிண்டல் பண்ணட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எல்லாரும் என்றால் நான், மனைவி, தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் பெண் சிட்டு. ஏழு வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்ற குறை தெரியாதபடி எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருப்பவள்.

ஏற்பாடு இதுதான். எங்கே இருந்தாலும் வெளியே ஓடு. திறந்த இடமாகப் பார்த்து நில். எந்த போன் கையில் கிடைத்தாலும் சித்தியைக் கூப்பிடு. நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று சொல், மற்றவர்கள் எங்கே என்று கேள். கூடும் இடம் என்று ஒன்றை முன்கூட்டி வைக்கவில்லை. அந்த இடமே இடிந்து விழுந்தால்? எல்லாம் சித்தி வழியாக. "ஊரே இடிஞ்சாலும் முதல்ல சித்திக்குச் சொல்லு" என்றேன். சிட்டு அதைப் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டாள், வாலாக நம்பரையும் சேர்த்து.

சித்தியைவிட இதற்குத் தகுந்த ஆள் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "என் சர்வீஸ்ல ஒரு ராங் கனெக்‌ஷன் குடுத்ததில்லடா" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும். இரண்டு பக்கமும் கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் லைன் கொடுப்பாளாம். ஒத்திகைக்கு ஒவ்வொருவராகப் பேசினோம். கடைசியில் "அஞ்சு பேரும் பேசியாச்சு. அவ்வளவுதானே?" என்று சரிபார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

மாப்பிள்ளை கிரேன் ஓட்டுகிறவர். மஞ்சள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஒரு நார்கூட இல்லாமல் உரிப்பார். "மச்சான் சொல்றது கரெக்ட். குடும்பம்னா யார் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சே ஆகணும்" என்றார். வாராவாரம் சித்தியைக் கூப்பிட்டு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஒரே ஆள் அவர்தான். சித்திக்கு அவர் மேல் உயிர்.

தங்கச்சி வாயே திறக்கவில்லை. மணிக்கட்டில் கட்டு வேறு. கேட்டால், கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாம். பை தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள் கையைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்று திட்டிவிட்டேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கவனம் போதாது. எதையும் நான்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆட்டம் இல்லை. பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று டிப்போ சுவரில் முட்டியது. டிரைவரைக் கத்து கத்தென்று கத்தினேன். இப்போது தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மனசு அடங்கவில்லை, படுக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். எழுதினால்தான் அடங்கும்.

சாயங்காலம் சித்தி கூப்பிட்டாள். "அங்க பூகம்பமாடா?" இல்லையே என்றேன். "சிட்டு பேசினா. வீட்டுல எல்லாம் உடையுது, அம்மா கீழ விழுந்துட்டா, நான் கட்டிலுக்கு அடியில இருக்கேன்னு சொல்றா. பின்னாடி தடதடன்னு சத்தம். லைன் கட்டாயிடுச்சு."

நிலம் அசையவே இல்லை.

ஓடினேன். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தோளால் இடித்தேன், மறுபடி இடித்தேன், தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து வந்தது. சமையலறைத் தரையில் தங்கச்சி. அவள் தலைமுடி மாப்பிள்ளை கையில். இன்னொரு கையில் குக்கர் மூடி. காதுக்கு மேலே தோல் கிழிந்து தொங்கியது, ரத்தம் கழுத்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, மூச்சுகூட வாங்காமல், "வாங்க மச்சான். ஒண்ணுமில்ல, சின்னப் பிரச்சினை" என்றான்.

வாங்க மச்சானாம்! வாங்க மச்சான்!

அடித்தேன். டிப்போவில் கத்துவதோடு சரி, நான் இதுவரை யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. மூக்கில் விழுந்தது. எலும்பு உடைந்தது என் கை முட்டிக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அடுத்த நொடி அவன் என்னைச் சுவரோடு சாத்தி வயிற்றில் இறக்கினான். அப்புறம் வாயில். ஒரு பல் போய்விட்டது. தங்கச்சி தரையில் கிடந்தபடியே, "விடுண்ணா, சிட்டு பார்க்கிறா" என்றாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு கண். போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தது குழந்தை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டார் அவனைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மணிக்கட்டு. கதவு இடுக்காம். எல்லார் முன்னாலும் வைத்து அவளைத் திட்டினேனே. யாருக்குக் கவனம் போதாது?

இனி இந்தக் குறிப்பில் அவன் மாப்பிள்ளை இல்லை. அவன். அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனில், "குடும்ப விஷயம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கங்க" என்றார்கள். மூக்கு உடைந்தது அவனுக்கு என்பதால் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள்.

எங்கள் வீடு அவனுக்குத் தெரியும். அதனால் ஊரின் அந்தக் கோடியில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் தங்கச்சியையும் சிட்டுவையும் அங்கே வைத்திருக்கிறோம். பழைய கம்பெனி வேண்டாம், பக்கத்திலேயே வேறு தையல் கம்பெனி. பள்ளிக்கூடம் இப்போதைக்கு இல்லை. அம்மாவின் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து துண்டுத் துணியை அடுக்குகிறது குழந்தை.

சித்தி திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள். "சித்திகிட்ட சொல்லாதண்ணா. அவரைப் பெத்த பிள்ளை மாதிரி நினைச்சிருக்காங்க, தாங்க மாட்டாங்க" என்று தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. நம் வீட்டுப் பெண் அடி வாங்கினாள் என்ற பேச்சு வெளியூர் வரைக்கும் போக வேண்டுமா? அலமாரி சாய்ந்து விழுந்தது, குழந்தை பயந்துவிட்டது என்று சொன்னேன். "பாரேன், சின்னது எவ்வளவு சரியா எனக்கு முதல்ல சொல்லியிருக்கு" என்று சித்திக்கு ஒரே பெருமை.

மார்ச் 12, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.

அவன் டிப்போவுக்கு வந்தான். மூக்கில் பிளாஸ்டர். கவுண்டரில் விசாரிக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்து, பழைய சிநேகிதன் மாதிரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். நான் டிரிப் ஷீட்டை எடுக்க இழுப்பறையில் கை விட்டிருந்தேன். இரும்பு இழுப்பறை. தொடையை அதில் வைத்து அழுத்தினான்.

"என் குழந்தை எங்க மச்சான்?"

அழுத்திக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண்மணியிடம், "கொஞ்சம் இருங்கம்மா, சார் பார்த்துச் சொல்வார்" என்றான். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கத்தவில்லை. கத்தினால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே இரண்டு விரல் குச்சி முறிகிற மாதிரி முறிந்தது. "எங்கதான் ஒளிச்சு வச்சாலும் ஒரு நாள் வெளிய வந்துதானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, போகும்போது என் தோளைத் தட்டி, "உடம்பைப் பார்த்துக்கங்க" என்றான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி அழுதாள். அப்புறம் சமையல் கத்தியை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கையை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 19, வியாழன்

பூட்டு மாற்றியாயிற்று. தங்கச்சியின் போன் நம்பர் மாற்றியாயிற்று. கம்பெனி முதலாளியிடம் சொல்லியாயிற்று. பெயின்ட் கடைக்காரரிடம் அவன் போட்டோவைக் காட்டியாயிற்று. ஆனாலும் எதையோ விட்டுவிட்ட மாதிரியே இருக்கிறது. என்ன அது?

மார்ச் 28, சனி

நேற்று வந்துவிட்டது.

ஆடவில்லை, அடித்தது. கீழேயிருந்து யாரோ கடப்பாரையால் ஓங்கி இடிப்பது போல. டிப்போவில் நின்ற பஸ்களெல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. பணிமனைக் கூரைத் தகடு அப்படியே சரிந்து, டம்ளருக்குப் பாசம் என்று சிரித்தாரே அந்தக் கண்டக்டர் மேல் விழுந்தது. அவர் பையிலிருந்து சில்லறை மட்டும் என் காலடி வரை உருண்டு வந்தது. நான் தகட்டைப் பிடித்து இழுத்தேன், உடைந்த கையால். அசையவில்லை. அவர் கை கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி. ஒரு வீட்டின் முன்சுவர் மட்டும் விழுந்து, உள்ளே மின்விசிறி, கட்டில், கொடியில் துணி எல்லாம் அப்படியே தெரிந்தன. கட்டிலில் ஆள் இருந்தார், எழுந்திருக்கவில்லை. தண்ணீர் லாரியைச் சுற்றி இரண்டு பேர் ஒரு குடத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

ஏற்பாட்டின்படி சித்தியைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்ப நம்பரை அழுத்தி, கடைசியில் லைன் கிடைத்தது. "சொல்லுங்க!" அதே ஆபரேட்டர் குரல். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"அழாதடா, கேளு. உன் பொண்டாட்டி பேசிட்டா, ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கா, அடி இல்ல. தங்கச்சி யார் போன்லயோ பேசினா. சிட்டு நல்லா இருக்கா. மரக்கடைக்குப் பின்னாடி லாரி ஸ்டாண்டுல இருக்காங்களாம். மாப்பிள்ளையும் பேசிட்டாரு. பாவம், என் பொண்டாட்டி பிள்ளை எங்க சித்தின்னு அப்படி அழுதாரு. சொல்லிட்டேன். அங்கதான் போயிட்டிருக்காரு."

விட்டது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பூட்டு மாற்றினேன், நம்பர் மாற்றினேன். சித்தியை மாற்றவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் சொல்லச் சொல்லி உட்கார வைத்ததே நான்தானே!

போனிலேயே கத்தினேன். "அவன்தான் சித்தி அவ கைய உடைச்சவன்! அவன்தான் அவ மண்டையப் பிளந்தவன்! அலமாரி ஒண்ணும் விழல சித்தி!" "முன்னாடியே ஏண்டா சொல்லல?" என்றாள் சித்தி. லைன் போய்விட்டது.

ஓடினேன். லாரி ஸ்டாண்டு முழுக்க ஜனம். அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். மஞ்சள் ஹெல்மெட் தூரத்திலிருந்தே தெரிந்தது. தங்கச்சியின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான், அவள் கால் தரையில் கோடு போடுகிறது, சிட்டு அவன் தொடையைக் கடித்துக்கொண்டு தொங்குகிறாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று ஊரில் எல்லாருமே யாரையாவது இழுத்துக்கொண்டுதான் போனார்கள். ரத்தத்தோடு ஒரு பெண், இழுக்கிற ஓர் ஆண்... காப்பாற்றுகிறான் என்று நினைத்து ஒருவர் வழிகூட விட்டார்.

கீழே கிடந்த செங்கல்லை எடுத்து அவன் முதுகில் அடித்தேன். திரும்பினான். ஹெல்மெட்டாலேயே என் நெற்றியில் இடித்தான். விழுந்தேன். விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான், எண்ணி எண்ணி, அவசரமே இல்லாமல். "குடும்பத்தைப் பிரிக்கிறியா? பிரிக்கிறியா மச்சான்?" செத்தேன் என்றே நினைத்தேன். தங்கச்சி பின்னாலிருந்து பாய்ந்து அவன் காதைக் கடித்தாள். அவன் அலறினான். அந்த நேரம் நிலம் மறுபடியும் அடித்தது. ஒரு லாரி தானாக உருண்டு வந்தது. ஜனம் மொத்தமும் ஒரே பக்கமாக எங்கள் மேல் ஏறி ஓடியது.

எழுந்தபோது தங்கச்சி இல்லை, சிட்டு இல்லை. அவனும் இல்லை.

இன்று காலையில் சித்தியின் லைன் மறுபடி கிடைத்தது. "ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்." நான்தான் சித்தி, நான். "நீதான்னு தெரியும். உன் பக்கத்துல நின்னு அவன் உன் கழுத்தைப் பிடிச்சிருக்கானான்னு எனக்குத் தெரியாதே. இனிமே யாருக்கும் சொல்ல மாட்டேன்." கோபம் வந்தது. அப்புறம், சரிதான் என்று பட்டது.

வைக்கும் முன், "உங்க வீடு எப்படிடா இருக்கு?" என்றாள். நாலு தூணில் இரண்டு வெடித்துவிட்டது, படிக்கட்டு தொங்குகிறது, சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள், எல்லாரும் வெளியேறியாயிற்று, இன்னொரு ஆட்டம் வந்தால் உட்கார்ந்துவிடும் என்று அதிகாரிகள் சொன்னார்கள் என்றேன். "உங்களுது மூணாவது மாடிதானே?" ஆமாம் என்றேன். இப்போது இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாள், வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

எங்கள் கட்டிடம் விழுந்துவிட்டது. மதியம் வந்த ஆட்டத்தில், முழங்கால் மடிந்த மாதிரி முதலில் கீழ்த்தளம், அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக. ரொட்டி வரிசையில் நின்றபடி நானே பார்த்தேன். சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. என் வீடு. சிட்டு கிறுக்கின சுவர்.

கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருந்தவர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "சார், உள்ள ஆள் இருக்கு சார். கயித்தைத் தாண்டிப் போனான். காவலுக்கு நின்ன தம்பி தடுத்ததுக்கு அவன் வாயில குத்திட்டு ஏறினான். 'வெளிய வாடி, நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும்'னு ஒவ்வொரு மாடியிலும் கத்திட்டே போனான். மூணாவது மாடியில கதவை உதைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் ஆடிச்சு."

எப்படி இருந்தான் என்று கேட்டேன். காதில் கட்டு, மஞ்சள் ஹெல்மெட் என்றார்.

உள்ளே இருக்கிறாள் என்று எவன் சொன்னான் அவனுக்கு?

மார்ச் 31, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள். அடையாளம் காட்ட நான்தான் போனேன். ஹெல்மெட் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். கையில் எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடி. பிடித்தபடியே இருந்தான், விரலை விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, அப்புறம் வாந்தியும் வந்தது.

சித்தியிடம் சொன்னேன். அந்த எக்ஸ்சேஞ்ச் குரலிலேயே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கூப்பிட்டான். எங்க இருக்காங்கன்னு கேட்டான். உங்க வீட்டுல, மூணாவது மாடியிலன்னு சொன்னேன்."

"சித்தி!"

"என் சர்வீஸ்ல ஒரே ஒரு ராங் கனெக்‌ஷன். தெரிஞ்சேதான் குடுத்தேன். நானா யோசிச்சு, நானா சொன்னது. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. புரியுதா? யாரும் சொல்லிக் குடுக்கல. தங்கச்சிகிட்ட இதைச் சொல்லாத." அப்புறம்தான் தங்கச்சி இருக்கும் இடத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெண்களுக்கான கூடாரம். என் மனைவி இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்!

போய்ப் பார்த்தேன். அவன் போய்விட்டான் என்றேன். தங்கச்சி அழவில்லை, ஏன் எப்படி என்று கேட்கவும் இல்லை. சிட்டுவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள், வாரி முடித்தாள். எதுவும் கேட்காததே நல்லது என்று விட்டுவிட்டேன். சொல்ல வேண்டி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 9, வியாழன்

டிப்போவில் கூரை இல்லாமல் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ் கதவைத் தடாலென்று யாராவது சாத்தினால் போதும், மேசைக்கு அடியில் போய்விடுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. அவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எல்லாரும் ஒரே தகரக் கொட்டகையில் இருக்கிறோம். தங்கச்சிக்குக் கம்பெனி இடிபாட்டிலிருந்து ஒரு மெஷின் கிடைத்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, மூலையில் வைத்திருக்கிறாள். இன்னும் அவ்வப்போது ஆடுகிறது என்பதால், ஏற்பாட்டை மறுபடி ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். மனைவி இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

சிட்டு பாடிக்கொண்டே நம்பரை அழுத்தப் போனாள். தங்கச்சி ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல், "அண்ணா, அவரை அங்க யார் அனுப்பினதுன்னு சித்தி உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவங்களுக்கு வயசாயிடுச்சு, குழப்பத்துல இடத்தை மாத்திச் சொல்லிட்டாங்க, பாவம்...

"சித்தி எதையும் மாத்திச் சொல்லல" என்றாள். "லாரி ஸ்டாண்டுல இருந்து ஓடினப்ப உன்னைத் தேடி நான் நம்ம வீட்டுக்குத்தான் போனேன். கயிறு கட்டியிருந்துச்சு. சிவப்புக் குறி போட்டிருந்துச்சு. சித்தியைக் கூப்பிட்டேன். அவர் மறுபடி கேட்டா நான் இங்க, மூணாவது மாடியில இருக்கேன்னு சொல்லுங்கன்னு சொன்னேன். சித்தி அழுதாங்க. வேணாம்டின்னாங்க. அப்புறம் சரின்னாங்க."

ஊசியில் நூல் ஏறிவிட்டது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கினாள்.

"விழும்னு எனக்குத் தெரியாதுண்ணா. விழட்டும்னு நினைச்சேன்."

கவனம் போதாது, கவனம் போதாது என்று வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன் இவளை. அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, நடுக்கம் இல்லை. மனைவி எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்று, தலை மேல் கை வைத்தாள். காதுக்கு மேலே, முடி முளைக்காத அந்த இடத்தில்.

இதற்குள் சிட்டு லைன் பிடித்துவிட்டாள். "சொல்லுங்க!" என்றது போன். சிட்டு பேசினாள். மனைவி பேசினாள். நான் பேசினேன். தங்கச்சி போனை வாங்கி, "முட்டி வலி எப்படி இருக்கு சித்தி?" என்று கேட்டாள். அவன் வாராவாரம் கேட்ட கேள்வி.

"பரவாயில்லம்மா" என்றாள் சித்தி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போலச் சரிபார்த்தாள். "நாலு பேரும் பேசியாச்சு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சித்தி" என்று தங்கச்சி போனை வைத்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.